நம்ம கதை யார் முகவரிக்குப் போகிறது?

(இளைஞர் முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ரொம்ப நீளம். பன்னாட்டு வளர்ச்சி நிறுவனங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் தகவல் தொடர்புப் பணி, அதில் நம் இளைஞர்களுக்கு உள்ள வாய்ப்பு. நான் வங்கியில் எழுத்தர். பகலில் கவுண்டரில் பணம் எண்ணுகிறவன், இரவில் கவிதை எழுதுகிறவன். இந்த வேலையில் நான் இருந்ததில்லை. ஆனால் இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு ஏழெட்டு வருசம் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் நம்மைப் பற்றி எழுதியதைத் தமிழில் நம்மிடமே கொண்டுவருகிற வேலை. அந்த ஓரத்தில் நின்று பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

காலையில் பேசிய தோழர் ஒருவர், ‘என்.ஜி.ஓ. என்றாலே ஏகாதிபத்தியத்தின் கைக்கூலி, அந்தப் பக்கமே போகாதே’ என்று முடித்துவிட்டார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இதழியல் படித்துவிட்டு, நம் பையன்களுக்கும் பெண்களுக்கும் நாளிதழ் அலுவலகங்களில் எத்தனை நாற்காலி போட்டிருக்கிறார்கள்? அங்கே கதவைச் சாத்திவிட்டு இங்கேயும் போகாதே என்றால், எழுதத் தெரிந்த பிள்ளை எங்கே போகும்? போகட்டும். ஆனால் போகிற இடம் எது, அங்கே எழுதுகிற வாக்கியம் யாருக்கு, அதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். ‘கம்யூனிகேஷன்ஸ் ஆபீசர்’ என்கிறார்கள். கிராமத்துக்குப் போக வேண்டும், அவர்கள் மொழியில் ‘ஃபீல்டு’. அங்கே ஒரு ‘பயனாளி’யைப் பார்த்துப் பேசி, படம் எடுத்து, ‘கேஸ் ஸ்டடி’ எழுத வேண்டும். நாலு கேஸ் ஸ்டடியில் ஒன்று ‘சக்சஸ் ஸ்டோரி’ ஆகும். அது ஆண்டறிக்கைக்குப் போகும், பணம் கொடுப்பவர்களுக்கு அனுப்புகிற மடலுக்குப் போகும், டிசம்பர் மாத வேண்டுகோளுக்குப் போகும். மேலை நாடுகளில் டிசம்பரில்தான் மனசும் பர்சும் ஒன்றாகத் திறக்கும். எந்த மூலையில் யாருடைய இலச்சினை எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்பதற்குக்கூட பக்கம் பக்கமாக விதி உண்டு. கிணற்றைவிட கிணற்றின் மேல் வைக்கிற போர்டுக்கு விதி அதிகம்.

இதற்குள்ளேயே இரண்டு வேலை இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்கணும். ஒன்று மக்களிடம் பேசுவது. எந்த விதை, எந்தத் தடுப்பூசி, எந்தச் சட்டம் என்று சொல்வது, அவர்கள் சொல்வதைத் திருப்பிக் கேட்பது. பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் வேளாண் கல்லூரியிலிருந்த நோரா கெப்ரல் என்ற பேராசிரியர் 1971-இல் இதற்கு ‘வளர்ச்சித் தகவல் தொடர்பு’ என்று பெயர் வைத்து ஒரு துறையாகவே ஆக்கினார். இன்னொன்று மக்களைப் பற்றிப் பணம் கொடுப்பவரிடம் பேசுவது. இரண்டுக்கும் ஒரே பட்டம், ஒரே பதவிப் பெயர். ஆனால் சம்பளமும் பதவி உயர்வும் பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் பத்திரிகை தொடங்கினார். பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. அந்தப் பெயரே அதன் விலை. யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களிடமே ஒரு பைசா வாங்கிக்கொண்டு எழுதினார். எழுதியது பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் அந்த ஒரு பைசா வராது. எழுதுகிறவனுக்கு அது ஒரு கடிவாளம். இங்கே அது கிடையாது. காசு கொடுப்பவர் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறார், கதைக்குரியவர் வேதாரண்யத்தில் இருக்கிறார். கதை தவறாக இருந்தால் ஆம்ஸ்டர்டாமுக்குத் தெரியாது. வேதாரண்யத்துக்கோ அந்தத் தாள் வந்தே சேராது.

நான் கடற்கரை மாவட்டத்துக்காரன். 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பதினாலு வயசு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்தச் சாவின் முன்னால் நான் சாதிக்கணக்குப் பேச வரவில்லை. மீனவ மக்கள் இழந்தது எவராலும் ஈடுசெய்ய முடியாதது. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது ஒன்று உண்டு. உலகம் முழுக்கப் போன படம் எது? உடைந்த படகு. படகுக்குப் பக்கத்தில் நிற்கிற மீனவர். படம் அதுவாக இருந்ததால் பணமும் படகாகவே வந்தது. தேவைக்கு மேலேயே படகுகள் வந்து குவிந்தன என்று பின்னால் நிவாரண ஆய்வுகளே எழுதின. அதே கரையில் ஐஸ் உடைத்தவர்கள், கூடை சுமந்தவர்கள், உப்பளத்தில் நின்றவர்கள், உவர்நீர் ஏறிப்போன வயலில் கூலிக்குப் போனவர்கள், ஓடைகளில் கையால் இறால் பிடித்த இருளர்கள், இவர்களுக்கு உடைவதற்குப் படகு இல்லை. உடைந்த படகு இல்லாததால் ‘பாதிக்கப்பட்டோர்’ பட்டியலிலும் இல்லை. முகாமில் தனிவரிசை, தனித்தண்ணீர் என்பதெல்லாம் அப்போதே மனித உரிமைக் குழுக்கள் பதிவு செய்த செய்தி. நான் சொல்ல வருவது வேறு. நிவாரணம் யாருக்கு என்பதை வட்டாட்சியர் மட்டும் முடிவு செய்யவில்லை. ஒரு புகைப்படமும் முடிவு செய்தது. அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஒரு தகவல் தொடர்பு அலுவலர். கெட்டவராக இருந்திருக்க மாட்டார். படகு என்றால் ஒரே பார்வையில் புரியும், கூலி என்பதைப் படம் எடுக்க முடியாது, அவ்வளவுதான் நினைத்திருப்பார். அந்த ‘அவ்வளவுதான்’ எங்கள் சேரிக்கு இரண்டு வருசப் பட்டினி.

இது சுனாமிக்குப் புதிதாக வந்த பழக்கம் என்று நினைக்காதீர்கள். இதே சென்னை மாகாணத்தில்தான் இதன் ஆரம்பங்களில் ஒன்று இருக்கிறது. 1876-78 பஞ்சம், தாது வருசப் பஞ்சம் என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். அய்ம்பது லட்சத்துக்கு மேல் செத்தார்கள் என்பது கணக்கு. அதில் நிலமில்லாத பண்ணையாட்கள் எந்தச் சாதி என்று இந்த அறையில் நான் விளக்க வேண்டியதில்லை. நிவாரண வேலைக்கு வந்தால் ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோகூட இல்லை. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்து எழுதினார். அதே நேரத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். எலும்புக்கூடாக இருந்தவர்களை வரிசையாக உட்கார வைத்து, படுக்க வைத்து, குழுவாக அடுக்கிப் படம் எடுத்தார். அந்தப் படங்களில் ஒருவருக்கும் பெயர் கிடையாது. ஊர்கூடக் கிடையாது. ‘பஞ்சத்தில் அடிபட்டவர்கள்’, அவ்வளவுதான் அடையாளம். இதே ஹூப்பர் பர்மாவில் 1886-இல் மரண தண்டனைக் கைதிகளைச் சுடுகிற நொடியைப் படம் பிடிக்கக் காமிராவோடு காத்திருந்தார் என்று பெரிய கண்டனம் எழுந்து விசாரணையே நடந்தது. காமிராவுக்குப் பின்னால் நிற்கிற ஆள் யார் என்பதும் படத்தின் பொருள்தான்.

1877 ஆகஸ்டில் சென்னை ஆளுநர் லண்டனுக்கு வேண்டுகோள் அனுப்பினார். லண்டன் மேயர் நிதி திரட்டினார். இங்கே அந்த நிதிக் குழுவுக்குச் செயலாளராக இருந்தவர் ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர் வில்லியம் டிக்பி. சீமையிலிருக்கிறவன் மனசு கரைகிற மாதிரி இங்குள்ள நிலைமையை எழுதி அனுப்புவது, வந்த பணம் எங்கே போனது என்று கணக்கெழுதுவது, இரண்டும் அவர் பொறுப்பு. இன்றைக்கு ஒரு கம்யூனிகேஷன்ஸ் மேனேஜர் செய்கிற வேலையை அப்படியே செய்தவர். 1878-இல் பஞ்சத்தைப் பற்றி இரண்டு பாகத்தில் புத்தகமும் போட்டார். இவரை நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், இவர் அங்கேயே நிற்கவில்லை. லண்டன் திரும்பிப்போய் காங்கிரசின் பிரிட்டிஷ் கமிட்டிக்கு வேலை செய்தார். 1901-இல் பிரிட்டிஷ் ஆட்சியின் ‘செழிப்பு’ என்பதே பொய் என்று சர்க்காரின் சொந்தப் புள்ளிவிவரத்தை வைத்தே தடித்த புத்தகம் எழுதினார். ‘பசிக்கிறது, கொடுங்கள்’ என்று எழுதத் தொடங்கிய பேனா, இருபத்து மூன்று வருசம் கழித்து ‘ஏன் பசிக்கிறது’ என்று எழுதியது. சேரி அவருக்கும் தெரியவில்லை, அது வேறு. ஆனாலும் இந்தத் தொழிலில் இருந்துகொண்டே ஒரு மனிதர் அவ்வளவு தூரம் நடக்க முடிந்திருக்கிறது.

படம் காட்டிக் காசு கேட்பது என்பது வெள்ளைக்காரன் நம்மிடம் மட்டும் செய்ததும் இல்லை. முதல் உலகப்போர் முடிந்து, தோற்ற ஆஸ்திரியாவின் மேல் உணவுத் தடை போட்டிருந்த நேரம். 1919-இல் எக்ளன்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண் பட்டினியில் வாடிய ஆஸ்திரியக் குழந்தையின் படம் போட்டு, தடையை நீக்கு என்று துண்டறிக்கை கொடுத்தார். கைது செய்தார்கள், அய்ந்து பவுண்டு அபராதம் போட்டார்கள். அந்த அபராதத் தொகையை அரசுத் தரப்பு வழக்கறிஞரே கொடுத்தார் என்பார்கள். அந்த வருசமே ‘சேவ் தி சில்ட்ரன்’ பிறந்தது. கவனியுங்கள், அந்தத் துண்டறிக்கையில் குழந்தை மட்டும் இல்லை. பட்டினிக்குக் காரணம் எங்கள் சொந்த அரசு என்கிற வரியும் இருந்தது.  பின்னால் வந்தவர்கள் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வரியைக் கத்தரித்துவிட்டார்கள்.

எப்படிக் கத்தரித்தார்கள் என்பதற்கு எத்தியோப்பியா. 1984 அக்டோபர் 23. கொரெம் என்ற ஊரிலிருந்து பி.பி.சி. ஒளிபரப்பியது. செய்தியாளர் மைக்கேல் புயர்க். காமிரா முகமது அமீன், கென்யாக்காரர். அதைப் பார்த்து இங்கிலாந்தின் பாடகர்கள் கூடி அந்த டிசம்பரில் ஒரு இசைத்தட்டு போட்டார்கள். 1985 ஜூலை 13-இல் லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் மாபெரும் கச்சேரி. கோடிக்கணக்கில் பணம் சேர்ந்தது, உயிர்களும் பிழைத்தன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டில் ‘கிறிஸ்துமஸ் வந்திருப்பது அவர்களுக்குத் தெரியுமா’ என்கிற தொனியில் கேட்கிறார்கள். எத்தியோப்பியாவில் நாலாம் நூற்றாண்டிலேயே கிறித்துவம் அரச சமயம். இங்கிலாந்துக்காரன் ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்னாலேயே அவன் கோயில் கட்டிவிட்டான். அவனுடைய கிறிஸ்துமஸ் ஜனவரி 7. ஒரு எத்தியோப்பியரிடம் அந்தப் பாட்டை முன்கூட்டிக் காட்டியிருந்தால் சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுத்திருப்பார். காட்டவில்லை. அவர் அந்தப் பாட்டுக்குப் பொருள், கேட்கிற ஆள் இல்லை.

அது பாட்டு, போகட்டும். மழை பொய்த்தது, அதனால் பஞ்சம் என்று உலகம் புரிந்துகொண்டதே, அதுதான் பெரிய கத்தரிப்பு. பஞ்சம் கடுமையாக இருந்த திக்ரேயிலும் வொல்லோவிலும் ராணுவ ஆட்சிக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. மெங்கிஸ்டுவின் படை சந்தைகளின் மேல் குண்டு போட்டது, தானியம் போகிற வழியை அடைத்தது. நிவாரணத்தைக் காட்டியே மக்களை வடக்கிலிருந்து தெற்குக்குப் பலவந்தமாகக் குடிபெயர்த்தது. உதவி நிறுவனங்களுக்கு இது தெரியும். சொன்னால் வெளியேற்றுவார்கள் என்பதும் தெரியும். பிரான்சின் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு வாயைத் திறந்தது, 1985 டிசம்பரில் வெளியேற்றப்பட்டது. மற்றவர்கள் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு அங்கேயே இருந்தார்கள். யார் செய்தது சரி என்று இன்றும் அவர்களுக்குள் சண்டை. சோறு போடுகிற கை வெளியே போய்விட்டால் குழந்தை சாகும். உள்ளே இருந்து ஊமையானால் குழந்தையைக் கொல்கிறவனுக்கு லாரி ஓட்டிய மாதிரி ஆகும். இந்த வேலைக்குப் போகிற தோழர்கள் இதை ஏதோ ஆப்பிரிக்கச் செய்தி என்று நினைக்க வேண்டாம். ஊர்த்தெருவுக்கும் சேரிக்கும் பொதுவாக ஒரு புராஜெக்ட் நடக்கும்போது, குழாயடியில் நடந்த அடிதடியை அறிக்கையில் எழுதுவதா வேண்டாமா என்று உங்களிடம் ஒருநாள் கேட்பார்கள். ‘எழுதினால் ஊர்க்காரங்க ஒத்துழைக்க மாட்டாங்க சார்’ என்பார்கள். அது கொரெம்தான்.

இனி என் அனுபவத்தில் ஒன்று. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 2016-இல் ஒரு தொண்டு நிறுவனம் நாலு வெற்றிக் கதைகளை ஆங்கிலத்தில் அனுப்பி, மலருக்காகத் தமிழில் கேட்டார்கள். ஒரு கதையில் பக்கம் நிறையப் படம். பார்த்தால் எங்கள் பக்கத்துக் காலனிச் சின்னம்மா! கீழே வேறு பெயர் போட்டு, பாதுகாப்புக் கருதிப் பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று ஒரு குறிப்பு. முகம் முழுசாக இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு? கதை என்ன என்றால், நம்பிக்கையற்ற இருளில் கிடந்த பெண், இரண்டு ஆடு வந்தது, இன்று அவர் முகத்தில் புன்னகை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், மொழிபெயர்த்ததை அவருக்கே படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். முதல் கேள்வி, ‘இது யாரு தம்பி?’

நீங்கதான் சின்னம்மா என்றேன்.

‘ஆட்டப் பத்தி அஞ்சு நிமிசம் சொன்னேன்டா. மனைப்பட்டாவப் பத்தி ஒரு மணி நேரம் சொன்னேன். அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அது எங்க?’

முப்பது வருசமாக அந்தக் காலனிக்குப் பட்டா இல்லை. புறம்போக்கு என்று எழுதி, பக்கத்து மிராசு வேலி போட்டு உள்ளே வந்துகொண்டே இருக்கிறான். சின்னம்மா அதற்காக எட்டுத் தடவை மனு கொடுத்தவர், ஒரு தடவை வட்டாட்சியர் அலுவலக வாசலில் உட்கார்ந்து கைதானவர். ‘நம்பிக்கையற்ற இருள்’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு இருக்கிற நம்பிக்கையில் கால்வாசி எனக்கு இருந்தால் நான் இன்னும் பத்துக் கவிதை எழுதியிருப்பேன். பட்டா விஷயத்தைச் சேர்த்து எழுதி, சின்னம்மா சொன்னது என்று குறிப்பும் போட்டு அனுப்பினேன். பதில் வந்தது. ‘பட்டா எங்கள் திட்ட வரம்புக்குள் வரவில்லை.’ மலரில் பழைய கதையே வந்தது. எனக்குத் தர வேண்டிய மொழிபெயர்ப்புக் கூலி வரவில்லை. அதைக் கேட்டு நான் நடக்கவும் இல்லை, எட்டு மனு போடுகிற பொறுமை எனக்கு ஏது?

அந்தக் கதையை எழுதிய பெண்ணை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் ஒரு மணி நேரமும் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவருடைய நோட்டில் பட்டா இருந்தது. முன்னூறு வார்த்தை என்று அளவு கொடுத்த இடத்தில் அது விழுந்துவிட்டது.

அய்ரோப்பிய நிறுவனங்களுக்கே இந்த வெட்கம் உண்டு. எத்தியோப்பியாவுக்குப் பிறகு 1989-இல் அங்கிருந்த தொண்டு நிறுவனங்கள் கூடி, மூன்றாம் உலகத்தைப் பற்றிய படங்களும் செய்திகளும் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு நடத்தை விதி எழுதினார்கள். 2006-இல் அதைப் புதுப்பித்தார்கள். கண்ணியம், சமத்துவம், முழுப் பின்னணி, ஒப்புதல் எல்லாம் அதில் இருக்கிறது. 2012-இல் நார்வே மாணவர்கள் ஒரு கேலிப்படம் எடுத்தார்கள். ஆப்பிரிக்கர்கள் கூடி, நார்வேயில் குளிரில் நடுங்குகிற பாவப்பட்ட மக்களுக்கு ரேடியேட்டர் திரட்டி அனுப்புகிற மாதிரி! பிரிட்டனின் ‘காமிக் ரிலீஃப்’ பெரிய கண்டனத்துக்குப் பிறகு 2020-இல், நட்சத்திரங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிக் குழந்தையை மடியில் வைத்துப் படம் எடுப்பதை நிறுத்துகிறோம் என்றது. ‘பயனாளி’ போய் ‘உரிமையாளர்’ வந்தது, ‘பாதிக்கப்பட்டவர்’ போய் ‘மீண்டெழுந்தவர்’ வந்தது. அழுகிற குழந்தை போய்ச் சிரிக்கிற குழந்தை வந்தது. பட்டா வரவில்லை.

சொல்லே ஒன்றுமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நம் ஆட்கள் அய்.நா. வரைக்கும் போயிருக்கிறார்கள். எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 1965-இல் எழுதப்பட்டது. அதன் முதல் பிரிவில் இனம், நிறம் என்பதோடு ‘வம்சாவளி’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்திய அரசின் தூதுக்குழு. பிறகு சாதியைப் பற்றிக் கேட்டால், சாதி இனம் இல்லை, இங்கே பேசக் கூடாது என்றார்கள். 1996-இல் அந்த உடன்படிக்கையின் குழு, உங்கள் ‘வம்சாவளி’க்குள் சாதியும் வரும் என்று இந்தியாவுக்கு எழுதியது. தலித் இயக்கங்கள் அதைப் பற்றிக்கொண்டன. ‘வேலையும் வம்சாவளியும் சார்ந்த பாகுபாடு’ என்ற தொடர் உருவானது. ஜப்பானின் புராக்குமின் மக்களுக்கும் அது பொருந்தியது, நேபாளத்துக்கும் இலங்கைக்கும் பொருந்தியது. 2001-இல் டர்பன் மாநாட்டுக்கு நம் பறையும் போனது. இறுதி அறிக்கையில் நம்மைப் பற்றி ஒரு பத்திகூட விடவில்லை, அரசு அதில் ஜெயித்தது. ஆனால் அடுத்த வருசம், 2002-இல், அதே குழு தன் 29-ஆவது பொதுப் பரிந்துரையில் வம்சாவளி என்பதில் சாதி அடங்கும் என்று எல்லா நாட்டுக்கும் சேர்த்து எழுதிவைத்தது. பழைய கோப்புகளில் கிடந்த ஒரு சொல்லைத் தோண்டி எடுத்து, அதை உலகத்துக்குப் புரியவைத்தது தகவல் தொடர்புப் பணி இல்லாமல் வேறென்ன? அதிலும் வெளிநாட்டுப் பணம் இருந்தது. ஆனால் மனு யாருடையது என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

இன்னொரு உதாரணம் தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில். தூர்தர்ஷனில் தயாரிப்பாளராக இருந்த பி.வி. சதீஷ் என்பவரும் நண்பர்களும் 1983-இல் தொடங்கிய தக்காண வளர்ச்சிச் சங்கம். 2023-இல்தான் சதீஷ் காலமானார். அங்கே கிராமச் சங்கங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள், கூலி விவசாயிகள், பலருக்கு எழுத்து தெரியாது. அவர்கள் கையிலேயே காமிராவைக் கொடுத்தார்கள். யுனெஸ்கோ உதவியோடு 1998-இல் மாச்னூர் கிராமத்தில் வானொலி நிலையமும் வந்தது. அரசு உரிமம் கொடுக்கப் பத்து வருசம் ஆனது. 2008 அக்டோபரில்தான் ‘சங்கம் ரேடியோ’ காற்றில் ஏறியது. அதுவரை ஒலிநாடாவில் பதிந்து கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். இந்தப் பெண்கள் காமிராக் கோணத்துக்கு வைத்த பெயரைக் கேளுங்கள். மேலேயிருந்து கீழே பார்த்து எடுத்தால் ‘பட்டேல் ஷாட்’. பண்ணையார் அப்படித்தானே பார்ப்பான். கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தால் ‘அடிமை ஷாட்’. கண்ணுக்குக் கண் நேராக எடுத்தால் ‘சங்கம் ஷாட்’, சங்கத்தில் எல்லாரும் ஒரே தரையில் உட்கார்வதால். திரைப்படக் கோட்பாடு என்று நாம் தடித்தடியாக மொழிபெயர்த்துப் படித்தோமே, மூன்று சொல்லில் முடித்துவிட்டார்கள். ஹூப்பரின் படங்களை இப்போது நினைத்துப் பாருங்கள், எந்த ஷாட் என்று நான் சொல்லவேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். உள்ளே போகிற வாசல் குறுகல். ஆங்கிலம் வேண்டும், அது கற்றுக்கொள்ளக்கூடியது. சம்பளமில்லாத பயிற்சி ஆறு மாதம் என்பார்கள், அதுதான் நம்மை வடிகட்டுகிற சல்லடை. 2015-இல் ஜெனீவாவில் அய்.நா.வில் பயிற்சிக்கு வந்த நியூசிலாந்து இளைஞர் ஏரிக்கரையில் கூடாரத்தில் தங்கியது உலகச் செய்தி ஆனது. வெள்ளைக்காரப் பையனுக்கே அந்தக் கதி என்றால், டெல்லியில் அறை எடுத்து ஆறு மாதம் சும்மா உழைக்க நம் வீட்டில் யார் காசு அனுப்புவது? அதனால் சம்பளம் தராத இடத்துக்குப் போகாதீர்கள். அனுபவம் வேண்டுமென்றால் நம் பத்திரிகைகளில் எழுதுங்கள், அங்கேயும் சம்பளம் கிடையாதுதான், ஆனால் பெயர் உங்களுடையது.

அடுத்தது பணத்தின் கதை, இது என் கவுண்டர் சமாச்சாரம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் வந்தது. 2010-இல் புதிதாக எழுதினார்கள், 2020-இல் மேலும் இறுக்கினார்கள். வெளிப்பணம் எல்லாமே முதலில் புது டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். ஒரு நிறுவனம் வாங்கியதை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. இதில்தான் பெரிய நிறுவனத்திடம் வாங்கி வேலை செய்த சின்னச் சேரிக் குழுக்கள் அடிபட்டன. நிர்வாகச் செலவு அய்ம்பது சதவீதம் வரை என்றிருந்தது இருபதாகக் குறைந்தது. அறிக்கை எழுதித் தாக்கல் செய்கிற செலவு நிர்வாகச் செலவு என்று விதியிலேயே இருக்கிறது. ஆகவே கை வைப்பதென்றால் முதலில் எழுதுகிறவன் நாற்காலிமேல்தான் வைப்பார்கள். அமெரிக்காவில் 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்து, ஜூலை 1-ஆம் தேதியோடு ‘யு.எஸ்.எய்ட்’ என்ற நிறுவனத்தையே மூடி, மிச்சத்தை வெளியுறவுத் துறையில் சேர்த்துவிட்டார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்தார்கள். நிரந்தரம் என்று நினைத்துப் போகாதீர்கள், ஒப்பந்தத்தின் கடைசித் தேதியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

போனால் கையோடு கற்றுக்கொண்டு வரவேண்டியது நிறைய இருக்கிறது. படம் எடுக்க, ஒலி பதிய, ஒரு அரசாணையைப் பத்து வரியில் புரியும்படி எழுத. 2016-இல் ஒன்றிய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு எஸ்.சி. அல்லது எஸ்.டி. நபருக்கும் ஒரு பெண்ணுக்கும் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை தொழில் கடன் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. என் கவுண்டருக்கு அதைக் கேட்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆட்டுக்கதையை அமெரிக்காவுக்குச் சொல்ல ஆள் இருந்தது, கடன் கதையைக் காலனிக்குச் சொல்ல ஆள் இல்லை.

கடைசியாக அந்த ஒப்புதல் படிவம். எங்கள் வங்கியில் கைநாட்டு வைக்கிறவர் வந்தால், படிவத்தை அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும், சாட்சி கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கைநாட்டு செல்லாது. அய்நூறு ரூபாய் எடுப்பதற்கே இந்தக் காபந்து. சின்னம்மாவிடம் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் படிவத்தைத் தமிழில் எழுதுங்கள். அச்சுக்குப் போகிறதற்கு முன்னால் திரும்பப் படித்துக் காட்டப்படும் என்று அதிலேயே போடுங்கள். பிடிக்காவிட்டால் திரும்பப் பெறலாம் என்றும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்றும் போடுங்கள். அச்சானதில் ஒரு பிரதி அவர் வீட்டுக்குப் போக வேண்டும். தபால் செலவு நிர்வாகச் செலவில் வரும் என்று கணக்குப் பிரிவு சண்டை போடும், போடட்டும்.

பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி ரொம்ப நேரமாகக் கையைக் காட்டுகிறார், சம்பளம் எவ்வளவு என்று கேட்கப் போகிறார். ஒரே வேலைக்கு ஜெனீவாவில் ஒன்று, டெல்லியில் ஒன்று, நாகப்பட்டினத்தில் ஒன்று. அதை டீ குடித்துவிட்டு வந்து பேசுவோம்.